வேலை நின்ற சுரங்கம் ஏன் ஆளை விழுங்குகிறது? நிலக்கரிக் குழியிலிருந்து மாணிக்கக் குழி வரை

2025 ஜனவரி 6ஆம் திகதி இந்தியாவின் அசாம் மாநிலத்தில், உம்ராங்சோ என்ற மலைப்பகுதியில், ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் திடீரென்று தண்ணீர் பாய்ந்து ஒன்பது தொழிலாளர்கள் உள்ளே சிக்கினார்கள். ஆழம் சுமார் 300 அடி. கீழே ஒரு ஆள் குனிந்தும் தவழ்ந்தும் போகிற அளவுக்கே வழி இருக்கும் என்பதால் இந்த வகைச் சுரங்கத்தை எலிவளைச் சுரங்கம் என்கிறார்கள். செய்தியைப் படித்த பலரைக் குழப்பியது இன்னொரு விசயம்: அது ஏற்கெனவே கைவிடப்பட்ட சுரங்கம் என்று மாநில முதலமைச்சரே சொன்னார். கைவிட்டாச்சு என்றால் அதோடு ஆபத்தும் முடிந்தது என்றுதானே யாரும் நினைப்பார்கள், அப்புறம் அங்கே தண்ணீர் எங்கிருந்து வந்தது?

இதோடு மலையகத்தில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வி ஒன்றும் உண்டு. இலங்கையில் நிலக்கரிச் சுரங்கமே கிடையாது, பிறகு இந்தக் கதை நமக்கு எதற்கு? இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

இலங்கையில் எது இருக்கிறது, எது இல்லை

நிலக்கரி உண்டாக, சதுப்பில் விழுந்த செடிகொடிகள் கோடிக்கணக்கான வருடங்கள் மண்ணுக்கடியில் படிந்து அழுந்திக் கிடக்க வேண்டும். அதற்குப் படிவுப் பாறை வேண்டும். இலங்கையின் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நிலம் அதைவிட மிகப் பழைய, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிப்போன கடினப் பாறை. அதனால் நிலக்கரி இல்லை. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் 900 மெகாவாட்டுக்கும் கரி கப்பலில்தான் வருகிறது. நம் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) பல்பில் எரிகிற மின்சாரத்தில் ஒரு பங்கு வேறு ஏதோ நாட்டில் யாரோ ஒருவருடைய நிலத்தைக் குடைந்து எடுத்தது. அது சும்மா நினைவில் இருக்கட்டும்.

ஆனால் குழிகள் இருக்கின்றன. கேகாலைப் பக்கம் போகலையிலும் குருநாகல் பக்கம் கஹட்டகஹவிலும் காரீயச் (பென்சிலில் வைக்கிற கிராபைட்டு) சுரங்கங்கள் ஆயிரம் அடிக்கும் கீழே இறங்குகின்றன. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் முதலாம் உலகப் போர்க் காலத்திலும் இலங்கைக் காரீயத்துக்கு உலகச் சந்தையில் பெரிய கிராக்கி. அப்போது ஆளாளுக்குத் தோண்டினார்கள், விலை விழுந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம் இருக்கவே இருக்கிறது மாணிக்கக்கல். இரத்தினபுரியில் மட்டும்தான் கல் தோண்டுகிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம்; பொகவந்தலாவை, நோர்வூட், மஸ்கெலியா பக்கத்து ஆட்களிடம் கேட்டால் எந்த ஓடையோரம் எத்தனை குழி என்று சொல்வார்கள்.

தோண்டுகிற பொருள் வேறு, ஆழம் வேறு, பாறை வேறு. கரிச் சுரங்கத்தில் வருகிற எல்லா ஆபத்தும் மாணிக்கக் குழியில் வராது, எது வரும் எது வராது என்பதைக் கீழே பிரித்துச் சொல்கிறேன். ஆனால் விட்டுவிட்டுப் போன பிறகு என்ன நடக்கிறது என்ற அடிப்படை இரண்டுக்கும் ஒன்றேதான். கரிச் சுரங்கத்தில் அது பெரிய அளவில், நூறு வருடப் பதிவுகளோடு இருக்கிறது என்பதால் அங்கே பார்த்துவிட்டு இங்கே வருவது சுலபம்.

எல்லாம் ஆரம்பிப்பது பம்பு நிற்கிற அன்றைக்கு

நிலத்தடி நீர் மட்டத்துக்குக் கீழே எந்தக் குழியை வெட்டினாலும் நாலா பக்கமிருந்தும் தண்ணீர் ஊறும். கிணறு வெட்டினவர்களுக்குத் தெரியும். சுரங்கம் என்பது நமக்குத் தண்ணீர் தேவைப்படாத ஒரு கிணறு, அவ்வளவுதான். அதனால் இரவு பகலாகப் பம்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். காற்றுக்கு விசிறி ஓட வேண்டும், கூரை விழாமல் முட்டுக் கொடுக்க வேண்டும், வாயு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இவ்வளவுக்கும் காசு வேண்டும், அந்தக் காசு கரி விற்று வருகிறது.

கரி தீர்ந்தாலோ விலை விழுந்தாலோ காசு நிற்கிறது. பம்பைக் கழற்றி விற்றுவிடுவார்கள், பெரும்பாலும் முதலில் கழற்றுவதும் அதைத்தான், ஏனென்றால் அதற்குத்தான் நல்ல விலை. பிறகு மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில், தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். மேலே ஒன்றும் தெரியாது. புல் முளைக்கும், ஆடு மேயும். முட்டுக் கட்டைகள் உள்ளே ஊறி உளுத்துப்போகும். ஒரு நாள் தண்ணீர் வெளியே வர வழி தேடும்.

இதில் கைவிடுதல், மூடுதல் என்ற இரண்டு சொற்களையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மூடுவது என்றால் வரைபடம் எழுதி வைத்து, வாயை அடைத்து, தண்ணீருக்கு வழிவிட்டு, கழிவு மேட்டைச் சரிசெய்து, அதற்குப் பிறகும் ஒருவர் வந்து பார்த்துப் போவது. கைவிடுவது என்றால் போய்விடுவது. செய்திகளில் இரண்டையும் ஒன்றாக எழுதிவிடுகிறார்கள், பாதிக் குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

ஆபத்துகள், ஒவ்வொன்றாக

1. தேங்கின தண்ணீர். பழைய சுரங்கம் நிலத்துக்கடியில் ஒரு மூடின குளமாகிவிடுகிறது. பக்கத்தில் புதிதாகக் குடைகிறவர்களுக்கு அது எங்கே முடிகிறது என்று தெரியாது. இடையில் இருக்கிற கரிச் சுவர் மெலிந்தால் அத்தனை தண்ணீரும் சில நிமிடத்தில் இந்தப் பக்கம் வந்துவிடும். 1975 டிசம்பர் 27ஆம் திகதி இந்தியாவில் தன்பாத் பக்கம் சாஸ்நாலாவில் அப்படித்தான் 370க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். வந்தது பழைய, தண்ணீர் நிறைந்த சுரங்கத்தின் வெள்ளம். 2002 ஜூலையில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குவீக்ரீக் சுரங்கத்தில் ஒன்பது பேர் சிக்கினதும் இதே கதை. கையில் வரைபடம் இருந்தது, ஆனால் பழைய சுரங்கம் கடைசியாக எதுவரை வெட்டப்பட்டது என்பது அதில் இல்லை. மூன்று நாளைக்கு மேல் கழித்து ஒன்பது பேரும் உயிரோடு மேலே வந்தார்கள். மேகாலயாவில் 2018 டிசம்பர் 13ஆம் திகதி சிக்கின 15 பேருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. எவ்வளவு பம்பு வைத்து இறைத்தாலும் தண்ணீர் இறங்கவில்லை, காரணம் சுற்றிலும் இருந்த பழைய எலிவளைகள் எல்லாம் உள்ளே ஒன்றோடொன்று தொடர்பு. கடைசியில் எடுத்தது இரண்டு உடல்கள். அங்கே எலிவளைத் தோண்டலை 2014லேயே இந்தியாவின் சுற்றுச்சூழல் வழக்குகளைப் பார்க்கிற தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை செய்திருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

தண்ணீர் உள்ளே இருப்பவரைத்தான் கொல்லும் என்றில்லை. 2021 ஜனவரியில் வேல்ஸ் நாட்டில் ஸ்கூவன் என்ற ஊரில் புயல் மழைக்குப் பிறகு ஒரு பழைய சுரங்கக் குழியின் வாய் பிய்த்துக்கொண்டு திறந்து, மஞ்சள் நிறத் தண்ணீர் தெருத் தெருவாக ஓடி வீடுகளுக்குள் புகுந்தது. அங்கே குடியிருந்த பலருக்குத் தங்கள் காலடியில் சுரங்கம் இருப்பதே மறந்துபோயிருந்தது.

2. தண்ணீரின் நிறம். கரியோடு சேர்ந்து இரும்பும் கந்தகமும் கலந்த ஒரு கனிமம் கிடக்கும், பைரைற்று என்று பெயர். பாறைக்குள் மூடியிருக்கும் வரை அது பாட்டுக்குக் கிடக்கும். தோண்டினதும் காற்றும் தண்ணீரும் படுகிறது, சல்பூரிக் அமிலம் உண்டாகிறது, அந்த அமிலம் பாறையிலிருந்து இன்னும் மற்ற உலோகங்களையும் கரைத்துக்கொண்டு ஓடைக்கு வருகிறது. வெளியே வந்ததும் அதிலிருக்கும் இரும்பு துருவாகப் படிந்து கல்லெல்லாம் செம்மஞ்சளாகிவிடும். மீன் போய்விடும், பூச்சி போய்விடும். ஒரு சுரங்கம் இருபது வருடம் ஓடினால் இந்தத் தண்ணீர் நூறு வருடத்துக்கு வரலாம், நிறுத்த ஒரு சுவிட்சும் இல்லை.

நம் ஆட்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய உதாரணம் அதே உம்ராங்சோவில் இருக்கிறது. அங்கே கோபிலி ஆற்றில் ஒரு நீர்மின் நிலையம். மேலே மேகாலயாவின் கரிக் குழிகளிலிருந்து வந்த அமிலத் தண்ணீர் அதன் டர்பைன்களையும் குழாய்களையும் அரித்துவிட்டது. மேலே ஆயிரம் சின்னக் குழிகள், கீழே ஒரு பெரிய மின் நிலையம். குழி தோண்டினவன் லாபம் எடுத்துப் போனான், துரு பிடித்த டர்பைனை மாற்றுகிற செலவு பொதுமக்கள் தலையில். நம் மலையின் காசல்ரீ, மவுஸாக்கலை நீர்த்தேக்கங்களைத் தினம் பார்க்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மாணிக்கக் குழியில் இந்த அமிலம் பெரிதாக வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே வருவது சேறு. அதைப் பிறகு பார்ப்போம்.

3. காற்று. என்னைக் கேட்டால் இதுதான் மிக மோசம், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. கரியிலிருந்து மெதேன் கசியும். நெருப்புப் பட்டால் வெடிக்கும். அது போக, உள்ளே கிடக்கும் கரியும் மரமும் ஒட்சிசனை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மிஞ்சுவது காபனீரொட்சைட்டும் நைதரசனும். காபனீரொட்சைட்டு காற்றைவிடக் கனம், அடியில் தண்ணீர் மாதிரித் தங்கும். இறங்குகிறவர் இரண்டு மூச்சில் மயங்கி விழுவார். மேலே நிற்கிறவர் "வழுக்கி விழுந்துட்டான்" என்று நினைத்துக் காப்பாற்ற இறங்குவார், அவரும் விழுவார், மூன்றாவது ஆளும் இறங்குவார். கிணறு, மலக்குழி, சுரங்கம் என்று எதை எடுத்தாலும் ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் ஒன்றாகச் சாவது இப்படித்தான்.

பழைய சுரங்கம் மூச்சும் விடும். புயல் வருவதற்கு முன் காற்றழுத்தம் குறைகிறது இல்லையா, அப்போது உள்ளே இருக்கிற வாயு வெடிப்புகள் வழியாக மேலே கசிந்து வருகிறது. ஸ்கொட்லாந்தில் கோர்பிரிஜ் என்ற ஊரில் பழைய சுரங்கத்தின் மேல் கட்டின புது வீடுகளுக்குள் இப்படி வாயு ஏறி ஆட்கள் சுகவீனப்பட, கடைசியில் 64 வீடுகளை இடித்தார்கள்.

மாணிக்கக் குழியில் மெதேன் பயம் கிடையாது, ஒட்சிசன் குறைவு உண்டு. அதைவிடப் பெரிய எமன் பெற்றோல் தண்ணீர் பம்பு. ஹோஸ் எட்டவில்லை என்று பம்பையே குழிக்குள் இறக்கி ஓட்டுகிறார்கள். புகை மேலே வர வழியில்லை, அதிலிருக்கிற காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. விளக்கை இறக்கிப் பார்க்கிற பழைய வழக்கம் ஒட்சிசன் குறைவை ஓரளவு காட்டும், காபனோரொட்சைட்டைக் காட்டாது. சுடர் நன்றாக எரியும், ஆள் செத்துப்போவார். கரிச் சுரங்கத்திலோ அந்தச் சுடரே வெடிக்கு வழி.

4. நெருப்பு. இது கரிக்கு மட்டும் உரியது. காற்றுப்பட்ட கரி மெதுவாகச் சூடேறித் தானாகவே பற்றும், பற்றினால் அணைப்பது மிகக் கஷ்டம். ஜார்க்கண்டின் ஜாரியாவில் 1916இல் முதன்முதலாகக் கண்ட நெருப்பு இன்னும் எரிகிறது. பென்சில்வேனியாவில் சென்ட்ரேலியா என்ற ஊரில் 1962இல் ஒரு பழைய கரிக் குழியில் கொட்டியிருந்த குப்பையை எரித்தபோது நெருப்பு கரிப் படிவத்துக்குள் இறங்கிவிட்டது. ஊரே காலி.

5. நிலம் இறங்குவது. உள்ளே கரியை எடுக்கும்போது அங்கங்கே தூண் மாதிரிக் கொஞ்சம் விட்டு வைப்பார்கள். தூண் காலப்போக்கில் தண்ணீரில் ஊறிப் பலமிழந்து நொறுங்கினதும் மேலே இருக்கிற நிலம் தாழும், வீடு பிளக்கும், கிணறு வற்றும். இது எப்படி இருக்கும் என்பதற்கு நமக்கு வேற்று நாட்டு உதாரணம் வேண்டியதில்லை. ஊவாவில் உமா ஓயா நீர்த் திட்டத்துக்காகச் சுரங்கப்பாதை குடைந்தபோது 2014 கடைசியில் பாறைப் பிளவு வழியாக நிலத்தடி நீர் உள்ளே கொட்டத் தொடங்க, பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றின, சுவர்கள் வெடித்தன. அது சுரங்கத் தொழில் இல்லை, கைவிடப்பட்டதும் இல்லை, ஆனால் அடியில் ஒரு ஓட்டை விழுந்தால் மேலே கிணற்றுக்கு என்ன நடக்கும் என்பதை ஊவா மக்களுக்கு அதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது.

6. கழிவு மேடு. ஒரு தொன் கரி எடுக்கக் கூடவே கல்லும் மண்ணும் வரும். அதைக் குவிக்க வேண்டும், மலைநாட்டில் குவிக்கச் சமதரை எங்கே இருக்கிறது? சரிவிலேயே குவிப்பார்கள்.

வேல்ஸ் நாட்டில் அபர்வான் என்ற சின்ன ஊர். பள்ளத்தாக்கில் வரிசை வரிசையாகத் தொழிலாளர் வீடுகள், நடுவில் பள்ளிக்கூடம், மேலே மலை, மலையில் ஏழு கழிவு மேடுகள். ஏழாவதை 1958இல் குவிக்கத் தொடங்கினார்கள், ஒரு ஊற்றுக் கண்ணின் மேலேயே. ஊர்க்காரர்கள் முறையிட்டார்கள். 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி, பல நாள் மழைக்குப் பிறகு, காலை 9.15 மணிக்கு, பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்த நேரம் பார்த்து, அந்த மேடு கூழாகி இறங்கியது. கீழே பனிமூட்டம், எதுவும் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. 144 பேர் செத்தார்கள், அதில் 116 பேர் பிள்ளைகள். விசாரணை, சுரங்கத்தை நடத்தின அரசாங்க நிலக்கரிச் சபையைத்தான் குற்றம் சொன்னது. ஆனால் மிஞ்சின மேடுகளை அகற்றுவதற்கு, செத்தவர்களின் குடும்பங்களுக்காக உலகம் அனுப்பின நிதியிலிருந்தே 150,000 பவுண் எடுத்தார்கள். அதைத் திருப்பிக் கொடுத்தது 1997இல். குழியால் லாபம் பார்த்தது ஒருவர், செலவை இன்னொருவர் பையிலிருந்து எடுப்பது என்ற பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட அசிங்கமான சாட்சி எனக்குத் தெரியாது.

வேல்ஸில் இன்றைக்கும் 2,000க்கு மேல் இப்படிப் பழைய மேடுகள் கிடக்கின்றன. 2020 பெப்ரவரியில் டைலர்ஸ்டவுன் என்ற இடத்தில் ஒன்று புயல் மழையில் சரிந்து ஆற்றுக்குள் இறங்கியது. சுரங்கம் மூடிப் பல பத்து வருடங்களுக்குப் பிறகு.

நம் மலையில் ஒரு குழியைக் கிட்டப் பார்த்தால்

தேயிலை மலையின் அடிவாரத்தில், ஓடைக்கு மேலே பத்துப் பதினைந்து அடியில் இருக்கும். மேலே கறுப்பு மண், பிறகு சிவப்பு, பிறகு களி, அதற்கும் கீழே கூழாங்கல் கலந்த படிவம். அந்தப் படிவத்துக்குப் பெயர் இல்லம், சிங்களத்தில் சொல்கிற சொல்லையே நம் ஆட்களும் சொல்வார்கள், கல் இருந்தால் அதில்தான். அனுமதி எடுத்த குழி என்றால் பக்கச் சுவருக்கு மரச் சட்டம் அடித்து இடையில் பன்னம் தழையைச் சொருகி மண் கொட்டாமல் பார்ப்பார்கள். இரவில் திருட்டுத்தனமாகத் தோண்டுகிறவருக்கு அதற்கு நேரமும் இல்லை, காசும் இல்லை. வெறும் மண் சுவர். இல்லத்தை அள்ளி ஓடைத் தண்ணீரிலேயே அரித்துக் கழுவுவார்கள், கழிவு மண் ஓடைக் கரையிலோ தேயிலைக் கானுக்குள்ளோ (மழைத் தண்ணீர் ஓடுகிற வடிகாலுக்குள்ளோ) விழும். ஓடை பால் தேநீர் நிறத்தில் ஓடும். கல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சில இரவுகளில் இடத்தை மாற்றிவிடுவார்கள். பொலிஸ் வந்தால் பம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், குழியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

ஆறு மாதம் போனால் வாயைச் சுற்றி மானாப் புல் ஆள் உயரத்துக்கு வந்துவிடும். விளிம்பில் ஒரு தேயிலைச் செடி பாதி வேர் வெளியே தெரிய உள்பக்கம் சாய்ந்து நிற்கும். அதிலும் கொழுந்து இருக்கும், எடை குறைந்த நாளில் அதையும் எட்டிப் பறிக்கத்தான் கை போகும். நிற்கிற இடத்துக்குக் கீழே மண் இருக்கிறதா, வெறும் வேரும் புல்லும்தான் இருக்கிறதா என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது.

விழுவது ஒரு ஆபத்து. அதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். குறைவாகப் பேசப்படுகிற மூன்று இருக்கின்றன.

முதலாவது சரிவு. மலைச் சரிவின் அடியில் தோண்டினால் மேலே இருக்கிற மண்ணைத் தாங்கிக்கொண்டிருந்த காலை வெட்டுகிற மாதிரி. மேலே தோண்டினால் குழியில் மழை தேங்கி, ஓடிப்போக வேண்டிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிறது. கழிவு மண் கானை அடைத்தாலும் அதேதான். வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்து தேயிலை மலைக்குக் கான் வெட்டுவது அழகுக்கு இல்லை, மழைத் தண்ணீர் மலைக்குள் இறங்காமல் பக்கவாட்டில் ஓடிப்போகத்தான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கினதற்குச் சுரங்கம் காரணமில்லை, அதை இதோடு முடிச்சுப் போடக் கூடாது. ஆனால் தண்ணீர் குடித்த சரிவு எப்படி இறங்கும், லயத்துக்கு எவ்வளவு நேரம் கொடுக்கும் என்று நமக்குக் காட்டினது அது. 2005லும் 2011லும் எச்சரிக்கை இருந்தும் ஆட்கள் அங்கேயேதான் குடியிருந்தார்கள், போக வேறு இடம் கொடுக்கப்படவில்லை.

இரண்டாவது சேறு. பொகவந்தலாவைப் பக்கம் கெசல்கமு ஓயாவில் கழுவின மண் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் போய்ப் படிகிறது. 1965இலிருந்து விமலசுரேந்திர மின் நிலையத்தை ஓட்டுகிற தண்ணீர் அது. படிகிற ஒவ்வொரு லொறி மண்ணுக்கும் அதே அளவு தண்ணீருக்கு இடம் இல்லாமல் போகிறது. கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்ததுதான் களனி கங்கை, கொழும்பு குடிக்கிறது.

மூன்றாவது நுளம்பு. தேங்கின குழி நீர் நுளம்புக்குத் தொட்டில். இலங்கையில் ஒரு காலத்தில் மலேரியா பரவினதில் தாழ்நில மாணிக்கக் குழிகளுக்கும் பங்கு இருந்தது. 2016இல் நாடு மலேரியா அற்றதென்று அறிவிக்கப்பட்டாலும் நுளம்பு எங்கேயும் போய்விடவில்லை.

சரி, மூட வேண்டியது யார்?

இங்கேதான் நூல் சிக்கலாகிறது. தோட்டக் காணி அரசாங்கத்துடையது. 1992இலிருந்து நிர்வாகம் கம்பனிகள் கையில், பிறகு நீண்டகாலக் குத்தகை. குழியைத் தோண்டினது வேறு ஒருவர். குழிக்குக் கீழே குடியிருப்பவருக்குப் பெரும்பாலும் காணி உறுதியே கிடையாது. ஆக நான்கு தரப்பு, இதில் ஆபத்து முழுவதும் நான்காமவருக்கு, முறையிடுகிற சட்ட பலம் மிகக் குறைவாக இருப்பதும் அவருக்கே.

காகிதத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிற தேசிய இரத்தினக்கல் ஆபரண அதிகாரசபை, தோண்ட அனுமதி கொடுக்கும்போதே ஒரு பிணைப் பணம் வாங்கி வைக்கிறது. குழியை நிரப்பி நிலத்தைச் சரிசெய்தால் பணம் திரும்பும். சரிசெய்யாமல் போனால் அந்தப் பணத்தில் நிரப்பலாம். மூடுகிற செலவைத் திறக்கும்போதே வாங்கிவிடு என்கிற இந்த யோசனைக்கு நிலக்கரி நாடுகள் பெரிய விலை கொடுத்துத்தான் வந்து சேர்ந்தன. அமெரிக்கா 1977இல் சட்டம் போட்டு ஒவ்வொரு தொன் கரிக்கும் ஒரு கட்டணம் வாங்கிப் பழைய குழிகளைச் சரிசெய்யத் தொடங்கியது. பிரித்தானியாவில் 1994இல் இதற்கென்றே ஒரு அதிகாரசபை. அதன் பதிவில் ஒரு இலட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல் சுரங்க வாய்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வரைபடத்தில்.

நம் ஏற்பாட்டில் ஓட்டை எங்கே என்றால், பிணை கட்டுவது அனுமதி எடுத்தவர் மட்டும். திருட்டுக் குழிக்குப் பிணை இல்லை, வரைபடம் இல்லை, பெயர் இல்லை. பிடிபட்டால் ஆளுக்கு வழக்கு, பம்பு பறிமுதல், செய்தியில் ஒரு படம். அந்தப் படத்தில் பின்னால் தெரிகிற குழியை யார் நிரப்புவது என்று எந்தச் செய்தியிலும் எழுதுவதில்லை. ஆளைப் பிடிப்பதோடு முடிகிற ஒரு நடவடிக்கையை நான் பாதி வேலை என்றுதான் சொல்வேன்.

பக்கத்தில் இப்படி ஒரு குழி இருந்தால்

1. இறங்க வேண்டாம், யார் விழுந்திருந்தாலும். கயிறு, மூங்கில், ஏணி எது கைக்கு வருகிறதோ அதை மேலிருந்து கொடுங்கள், 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள். விழுந்தவர் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தால் காற்றில்தான் கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. குழிக்கு மேல்பக்கமாக நடந்து பாருங்கள். நிலத்தில் வில் மாதிரி வளைந்த வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாக வந்த ஊற்று, லயத்தில் திடீரென்று இறுகி மூட முடியாமல் போன கதவு, பீலித் தண்ணீர் கலங்கி வருவது அல்லது நின்றுபோவது: இதில் எது தெரிந்தாலும் 117க்கு, அதாவது அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குச் சொல்லுங்கள். மாவட்டத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அலுவலகமும் இருக்கும்.

3. மழையை அளந்துகொள்ளுங்கள். பக்கம் நேராக இருக்கிற ஒரு ரின்னை வெளியில் வைத்தாலே போதும். மண்சரிவு எச்சரிக்கைக்கு அந்த நிறுவனம் வைத்திருக்கிற கணக்கு 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் தயார், 150 என்றால் வெளியேறு. பக்கத்தில் குழி இருந்தால் 75லேயே பிள்ளைகளை வேறு இடத்துக்கு மாற்றுவதில் தப்பில்லை.

4. கிராம அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள், திகதி போட்டு, படத்தோடு, எந்த மலை எந்த நம்பர் என்று குறித்து. அந்தக் குழிக்கு அனுமதி இருக்கிறதா, இருந்தால் பிணைப் பணம் இன்னும் அதிகாரசபையிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். தகவல் அறியும் சட்டம் 2016இலிருந்து இருக்கிறது, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

5. நிரப்ப வருகிறவர்கள் எப்படி நிரப்புகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பேக்கோவை வைத்து ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டுப் போவதுதான் வழக்கம். முதலில் தண்ணீரை இறைக்க வேண்டும், அடியில் கல், அதன் மேல் மண், அடி அடியாகப் போட்டு இடித்து இறுக்கி, கடைசியாகக் கறுப்பு மண். கானைத் திரும்ப வெட்டிவிட வேண்டும். தரைமட்டத்தை விடக் கொஞ்சம் உயரமாக நிறுத்த வேண்டும், மண் எப்படியும் அமுங்கும். மேலே வைக்கிற தேயிலைக் கன்று கொழுந்துக்கு வர மூன்று நான்கு வருடமாகும். அதற்கு முன்பே நடுவில் தட்டு மாதிரி ஒரு பள்ளம் விழுந்து மழைத் தண்ணீர் தேங்கினால், உள்ளே இன்னும் வெற்றிடம் இருக்கிறது, திரும்பவும் கூப்பிடுங்கள்.